நீலத் துணியை இறக்கிய காசியம்மாள்

இறைச்சி தொடாத தபசு காலத்து வெள்ளிக்கிழமை அது. அன்றைக்கு மீன் இல்லாமல் எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில் சமையல் நடக்காது. காலை ஏழு மணிக்குப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் பக்கம் முழுவதும் காலியாக இருந்தது. கழுவி விட்ட கல்மேடைகளின்மேல் காகங்கள் நடந்துகொண்டிருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த கீரைக்காரியிடம் விசாரித்தேன்.

"சேதி தெரியாதா ஐயா? குருசுக்குப்பத்துக் காசியம்மா விடியக்காலைல தவறிப் பூட்டாங்க. நாலு நாளா காய்ச்சலாம். இன்னிக்கி ஒரு கூடை மீனுகூட ஊருக்குள்ள வராது. வந்தாலும் விக்க ஆளு கெடையாது."

பாதிரியார் வீட்டுச் சமையல்காரர் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். பிரெஞ்சுக் கவர்னரே இறந்திருந்தாலும் அன்று இந்த ஊரில் மீன் விற்றிருக்கும். எனக்குத் துக்கத்தோடு ஒரு கர்வமும் வந்தது. வந்ததை மறைக்கவில்லை.

காசியம்மாளை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டுக் கவலையில்லாமல் இருக்கும் பெற்றோர்கள் நீங்கள். அந்தக் கவலையின்மை யாருடைய உழைப்பு என்பதைச் சில பெரிய மனிதர்கள் மாற்றிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் பேசாமல் எழுந்து போனது ஏன் என்றும் பலர் கேட்டீர்கள். அதையும் சொல்கிறேன்.

ஒரு கோடையில் நெசவாளர் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கடல் கொண்டுபோயிற்று. வெயில் தாங்காமல் யாருக்கும் சொல்லாமல் குளிக்கப் போனவர்கள். அதன்பிறகுதான் நாங்கள் கோடைக் கடற்குளிப்புச் சங்கம் தொடங்கினோம். வக்கீல் ஒருவர் தலைவர். நகரசபைக் குமாஸ்தாவான நான் காரியதரிசி. பிரெஞ்சு நன்றாக எழுதுவேன் என்பதே என் தகுதி. கடலில் குளிப்போர் கவனிக்க வேண்டிய விதிகளை இரண்டு பாஷையிலும் அச்சடித்து, கரையில் ஒரு பலகையில் ஒட்டினேன். மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்று, படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குது. இத யாரு படிக்கணும், கடலா?"

"பிள்ளைகள் படிப்பார்கள்."

"தண்ணியப் பாத்த புள்ள பலகையப் பாக்குமா, குமாஸ்தா ஐயா? நீங்க எழுத்து வேலையப் பாருங்க. தண்ணி வேலைய எங்ககிட்ட உடுங்க."

அவர்தான் காசியம்மாள். நேரில் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். எழுத்தில் வரும் இந்த 'அவர்' தாமதமாக வந்த மரியாதை.

தண்ணீர் வேலையை அவர் நடத்திய முறை எல்லோருக்கும் தெரியும். கட்டுமரங்கள் போன பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்பு குளியல். பழைய வலையின் மிதவைக் கயிற்றை வளைவாகக் கட்டி, குப்பத்து ஆண்கள் நான்கு பேர் அதைப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நிற்பார்கள். கயிற்றுக்கு அப்பால் யாரும் போகக் கூடாது. இதெல்லாம் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அவருக்கு மட்டுமே தோன்றியது ஒன்று உண்டு. பிள்ளை தண்ணீரில் இறங்கினால் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரும் முழங்கால் தண்ணீரில் வந்து கடலைப் பார்த்து நிற்க வேண்டும். மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க விடமாட்டார். முதலியார்பேட்டையிலிருந்து மாட்டுவண்டியில் வந்த ஓர் அம்மாள் சேலை நனையும் என்று தயங்கினார்.

"சேலை நனைஞ்சா காஞ்சிடும், தாயி. எறங்குங்க."

இதற்குமேல் அவர் விளக்கம் சொன்னதில்லை. அந்த அம்மாள் இறங்கினார். மறுநாள் முதல் எல்லாப் பெண்களும் மாற்றுச் சேலை ஒன்றை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டு வாசலைத் தாண்டாத பெண்கள் காலை வேளையில் கடலில் நின்று சிரித்ததை நம் ஊர் முதல் தடவையாகப் பார்த்தது.

குளித்து ஏறும் பிள்ளைகளுக்குக் கீற்றுப் பந்தலில் உப்புப் போட்ட நீராகாரம் கொடுப்பார். இதிலும் சங்கத்தார் மூக்கை நுழைத்தார்கள். தெருவுக்கு ஒரு பானை தனித்தனியாக வைக்க வேண்டும் என்று தலைவர் சொல்லி அனுப்பினார். சாதியை வாய்விட்டுச் சொல்லாமல் சுத்தம் என்று சொன்னார். காசியம்மாள் என்னைப் பார்த்து, "ஒரே கடல்லதானே முங்கிட்டு வருதுங்க? கடல மொதல்ல பங்கு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க உங்க தலைவரு முசேவ. அப்புறம் பானை வாங்கலாம்" என்றார். ஒரே பானைதான் கடைசிவரை இருந்தது. குடிக்க மறுத்த பிள்ளைகள் இரண்டு நாள் தாகத்தோடு வீட்டுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் குடித்தார்கள்.

இனி அந்தத் துணி விஷயம். அதுவும் காசியம்மாள் செய்த ஏற்பாடு. கரையில் ஒரு மூங்கில் கழி, அதன் அடியில் ஒரு சிவப்புத் துணி. நீவாடு என்று குப்பத்தார் சொல்லும் நீரோட்டம் திசை மாறினால் துணி மேலே ஏறும். சிவப்பைக் கண்டதும் பிள்ளைகள் விளையாட்டை அப்படியே விட்டு, கயிற்றைப் பற்றி வரிசையாகக் கரைக்கு வர வேண்டும். அலைச் சத்தத்தில் தொண்டை எடுபடாது, கண்தான் கேட்கும் என்பார். வாரம் ஒருமுறை காரணமில்லாமல் துணியை ஏற்றிப் பிள்ளைகளைப் பழக்குவார்.

மில் தொழிலாளர் கலகத்துக்கு அடுத்த கோடையில் சிவப்புத் துணி எங்கே தெரிந்தாலும் அதிகாரிகளுக்குத் தூக்கம் வராமல் போயிற்று. கடற்கரையில் செங்கொடி ஏறுவதாக யாரோ எழுதிப் போட்டார்கள். போலீசாரிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது. 'தடை' என்ற ஒரே வார்த்தைதான். நம் தலைவர் அன்று மாலையே கூட்டம் போட்டார். சிவப்பு வேண்டாம், வேறு என்ன நிறம் என்று ஒன்றரை மணி நேரம் ஆலோசனை நடந்தது. வெள்ளை என்றால் காந்திக் கட்சி என்பார்கள். பச்சைக்கும் ஒருவர் ஆட்சேபம் சொன்னார். நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று தலைவர் முடித்துவைத்தார். எல்லோரும் கை தூக்கினார்கள். படித்தவர்கள் ஒன்பது பேர் கூடி, கடலுக்கும் வானத்துக்கும் முன்னால் நீலத் துணி கட்டத் தீர்மானித்தோம். அதை நல்ல பிரெஞ்சில் எழுதியது என் கை. மற்றவர்களை நான் மன்னிக்கவில்லை. என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்தே சொல்கிறேன்.

காசியம்மாள் நீலத் துணியை வாங்கி, தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நல்லா இருக்குது. தூளி கட்டலாம்" என்றார்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம். தண்ணீரில் நாற்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தார்கள். என் மகள் செலினும் இருந்தாள். என் மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றாள். நான் பந்தலில் ரிஜிஸ்தர் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று மிதவைகள் வடக்கே இழுபடுவதைக் காசியம்மாள் கண்டார். நீலத் துணியை ஏற்றினார். ஒரு தலையும் திரும்பவில்லை. கரையில் நின்ற எனக்கே அது கழியின் உச்சியில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. அவர் கத்தினார், நானும் கத்தினேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கை ஆட்டினார்கள். வடக்கு ஓரத்தில் கயிறு பிடித்தவர் கால் ஊன்ற முடியாமல் தடுமாறுவதும், அவருக்குப் பக்கத்தில் செலினின் மஞ்சள் பாவாடை மிதப்பதும் தெரிந்தன.

காசியம்மாள் துணியை ஒரே இழுப்பில் இறக்கி எறிந்தார். பெண்களின் மாற்றுச் சேலை மூட்டைகளைக் காலால் புரட்டினார். ஒரு மூட்டையிலிருந்து ரத்தச் சிவப்பில் ஒரு சேலை வெளியே வந்தது. அதை அவர் கழியில் கட்டி ஏற்றினார். காற்று அதை விரித்த மறுகணம் பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. கயிற்றைப் பற்றிக்கொண்டு, பழக்கிய மாதிரியே, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அழுகை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. எட்டு வயது செலின் தன்னைவிடச் சிறிய ஒரு பிள்ளையின் அரைஞாணைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைசிப் பிள்ளை கரையேறிய பிறகுதான் கயிற்றுக்காரர்கள் ஏறினார்கள். தண்ணீரில் ஒருவரும் இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்த பிறகுதான் காசியம்மாள் உட்கார்ந்தார்.

சிறிது நேரத்தில், சொல்தா என்று நாங்கள் சொல்லும் போலீஸ் சிப்பாய் ஒருவர் வந்துவிட்டார்.

"யாரு கொடி இது?"

"கொடி இல்ல சாமி, சேலை. நனைஞ்சு போச்சு, காயப் போட்டிருக்கேன்."

அவர் எட்டி முந்தானையைத் தொட்டார். "காஞ்சுதானே கெடக்குது?"

"வெயிலு அப்படி அடிக்குது சாமி. நீங்களே வேர்த்துப் போயி நிக்கிறீங்க. நீராகாரம் குடிங்க."

"யாரு சேலைன்னு கேக்கிறேன்."

பெண்கள் கூட்டத்திலிருந்து தலைவர் வீட்டு அம்மாள் முன்னால் வந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அவர் காலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "என் சேலைதான். நான்தான் காயப் போடச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரை விசாரிக்கணும்னா வீட்டிலதான் இருக்கார், போங்க" என்றார். சொல்தா அந்த வீட்டுக்குப் போகவில்லை. நீராகாரம் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினார்.

நீலத் துணியும் சங்கத்தாரின் விழிப்பும் பிள்ளைகளைக் காப்பாற்றியதாக ஓர் அறிக்கை எழுதித் தரும்படி தலைவர் என்னிடம் சொன்னார். மறுத்தேன். அடுத்த கூட்டத்தில் வேறொருவர் காரியதரிசி ஆனார். கவர்னருக்கு அறிக்கை போனது, தலைவருக்குப் பதக்கமும் வந்தது. பதக்க விழாவுக்குக் காசியம்மாளுக்கு அழைப்புக்கூட இல்லை. நான் மார்க்கெட்டுக்குப் போய்க் கொதித்தேன். அவர் சுறாவை அறுத்துக்கொண்டே, "பதக்கத்தோட கடல்ல எறங்கிடப் போறாரு, பாத்துக்குங்க. கனத்துல நேரா அடிக்குப் பூடுவாரு" என்றார். பக்கத்துக் கூடைக்காரிகள் சிரித்த சிரிப்பில் மார்க்கெட்டே அதிர்ந்தது.

சிவப்புத் துணிக்கு வந்த அந்தத் தடை இன்றுவரை நீங்கவில்லை. ஆனால் அன்று முதல் ஒவ்வொரு காலையும் முறை வைத்து ஒரு தெருப் பெண்கள் ஒரு சிவப்புச் சேலை கொண்டுவருகிறார்கள். காசியம்மாள் பொறுப்பேற்ற பிறகு அந்தத் துண்டுக் கரையில் ஒரு பிள்ளையையும் கடல் எடுக்கவில்லை. இதைவிடப் பெரிய காரியம் இந்த ஊர்ப் பெரிய மனிதர் யாராவது செய்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

பாஸ்கா பண்டிகை முடிந்த வாரம் இரங்கல் கூட்டம் காலை ஏழரைக்கு நடந்தது. தலைவர் பதக்கம் அணிந்து வந்து, தாம் காசியம்மாளுக்கு வழிகாட்டியதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். இவர்களைக் கண்டித்து நான் எழுதிய நான்கு பக்கம் என் பையில் தயாராக இருந்தது. ஒரு பெயரையும் விட்டுவைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். விடுமுறை தொடங்கிவிட்டது. சங்கத்தார் எல்லோரும் இங்கே நாற்காலிகளில் இருந்தார்கள்.

காய்ச்சலில் காசியம்மாள் கிடந்தபோது பார்க்கப் போயிருந்தேன். அப்போதும் தலைவரைப் பற்றித்தான் பேசினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கோவம் எங்க போயிடப் போவுது, குமாஸ்தா ஐயா? அது கரையிலயே குந்திக்கிட்டு இருக்கும். நீங்க தண்ணியப் பாருங்க."

நான்கு பக்கத்தையும் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கடற்கரையில் குப்பத்துப் பெண்கள் முன்பே இறங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் கால்சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நீச்சல் தெரியாது. அதற்குமுன் ஒருநாளும் அந்தத் தண்ணீரில் நான் கால் வைத்ததில்லை. முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அவர்கள் வரிசையில் போய் நின்றேன்.

காசியம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வேலைதான். என் கோபம் குறையவில்லை. அது கரையில் உட்கார்ந்திருக்கிறது. நான் தினமும் காலையில் தண்ணீரைப் பார்க்கிறேன்.