லொறியாக மாறும் மொனிட்டர்

நான் அதிகம் கதைக்காத ஆள். இப்பவும் நாலு பேர் கூடினால் கதவோரமாக ஒதுங்கி நிற்பேன். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் கொட்டில் போட்டு இருந்தபோது எனக்குப் பத்து வயது. அப்போது இன்னும் மோசம். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவேன்.

வவுனியாவுக்குப் போய்வந்த சித்தி, கனடாவிலிருந்து மாமா அனுப்பிய மஞ்சள் லொறி ஒன்றைக் கொண்டுவந்தார். பாரமான இரும்பு லொறி. சோதனைச்சாவடிக்குப் பயந்து மடித்துக் கொண்டுவந்ததாகச் சொன்னார். லொறியை எப்படி மடிப்பது என்று எங்களுக்கு விளங்கவில்லை. சித்தி லொறி உருளும் சில்லுகளைத் திருப்பி முன்பக்கத்தை இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு தலை வந்தது, பிறகு இரண்டு கைகள். ஐந்து வயதுத் தங்கச்சி கைதட்டிக் குதித்தாள். இந்த ரோபோ ஓர் அணியின் தலைவர், ஆபத்து வந்தால் உருமாறி எல்லோரையும் காப்பாற்றுவார் என்று மாமா எழுதியிருந்தார்.

அணியை நாங்களே சேர்த்தோம். மீன் அடைத்துவந்த வெறும் தகர மீன்ரின், சைக்கிள் மணியின் மூடி, பிடி கழன்ற கரண்டி. தங்கச்சி அவற்றை அடுக்கிவைத்து, "தலைவர் வாறார், எல்லாரும் எழும்புங்கோ!" என்று கத்தினாள். சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

"எடியே, மெல்லக் கதை! இஞ்ச தலைவர் எண்டால் ஆரெண்டு தெரியாதே? விளையாட்டுச் சாமானுக்கு அந்தப் பேரோ? இயக்கத்தில ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்?"

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

அம்மா யோசித்தார். "மொனிட்டர் எண்டு சொல்லு. வகுப்புக்கு அவர்தானே பெரியாள்."

"கதைச்சால் பேர் எழுதிக் குடுப்பாரோ?"

"உன்ர பேரைத்தான் முதல் எழுதுவார்."

அன்றிலிருந்து அவர் மொனிட்டர்.

மாரிமழை தொடங்கியதும், குண்டுவீச்சுக்கு ஒளிய வெட்டிய எங்கள் பங்கர் குழிக்குள் ஒரு பாம்பு வந்து கிடந்தது. அப்பா அடித்து எறிந்துவிட்டார். ஆனால் தங்கச்சி அதைக் கண்டுவிட்டாள். பிறகு அவள் பங்கருக்குள் இறங்க மாட்டாள். அப்பா தூக்கினால் உதைப்பாள், கடிப்பாள்.

ஒருநாள் மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போயிருந்தார்கள். பொம்பர் விமானம் இரைகிற சத்தம் கேட்டது. நான் தங்கச்சியை இழுத்தேன். அவள் பங்கர் வாசலில் நின்ற வேப்பங்கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"பாம்பு இருக்கு! நான் வரமாட்டன், நீ போ, அக்கா!"

அவளைத் தூக்க எனக்குப் பலம் இல்லை. கெஞ்சவும் வாய் வரவில்லை. மொனிட்டர் தன் அணியோடு அவளுடைய காலடியில் கிடந்தார். அவரை எடுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கி, மேல்படியில் தலை தெரிய நிமிர்த்திப் பிடித்தேன். என் தொண்டையிலிருந்து ஒரு தடித்த குரல் வந்தது. நான் அப்படிச் சத்தமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"மொனிட்டர் கதைக்கிறன்! உள்ளுக்குப் பாத்திட்டன், பாம்பு இல்லை. அணி இறங்கலாம்!"

அவள் அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "மூலையிலயும் பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான். மீன்ரினையும் கூட்டிக்கொண்டு கெதியா வாங்கோ!"

மீன்ரினையும் மணி மூடியையும் அள்ளிக்கொண்டு, படிகளில் வழுக்கி வந்து என் மடியில் விழுந்தாள். எங்கோ குண்டு விழுந்தது. மேலிருந்து மண் கொட்டியது.

"மொனிட்டர், லொறியா மாறுங்கோ. அம்மாட்டப் போவம்" என்றாள்.

நான் மடிக்கப் பார்த்தேன். சில்லு பிடிபடாமல் வழுக்கிக்கொண்டே போனது.

"அக்கா, மொனிட்டருக்குக் கை நடுங்குது."

நான் இன்னொரு தரம் சில்லைத் திருப்பிப் பார்த்தேன்.

"இஞ்ச தா" என்று வாங்கி அவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பயப்பிடாதேங்கோ, மொனிட்டர். அணி பக்கத்தில நிக்குது."

சொல்லிக்கொண்டே மற்றக் கையால் என் விரல்களை இறுகப் பிடித்தாள்.