பிராந்தி நிறத்துத் தேநீர்

ஜொலீன் பியான்டெக் வயிற்றை வெட்டிக்கொண்டது அழகுக்காக அல்ல. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். ஐம்பது வயதில் இவளுக்கு என்ன ஒய்யாரம் வேண்டிக்கிடக்கிறது என்று சீஸ் ஆலையில் அவளோடு பெட்டி கட்டுகிறவர்களே முணுமுணுத்தார்கள். விஷயம் வேறு. அவள் தம்பி டேரினுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். அக்காவின் ரத்தம் அவனுக்கு ஒத்துப்போனது. உடம்புதான் ஒத்துவரவில்லை. இந்த எடையில் உங்களிடமிருந்து சிறுநீரகத்தை எடுக்க முடியாது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று மாற்று அறுவை செய்யும் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

குறைத்துப் பார்த்தாள். முட்டைக்கோஸ் சூப், நடை, பட்டினி எல்லாம் பார்த்தாயிற்று. போன எடை கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தது. கடைசியில் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுக்கும் அறுவைக்கு ஒப்புக்கொண்டாள். மிஞ்சியது ஒரு வாழைப்பழத்தின் அளவுக்கு ஒரு பை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளை உட்கார வைத்துப் பேசினார்.

"மது வேண்டாம்மா. முன்னே மூணு கிளாஸ் செஞ்ச வேலையை இனிமே ஒரே கிளாஸ் செஞ்சிடும். அதை விடுங்க. சாப்பாட்டுல ஆறுதல் தேடினவங்க, அந்த வழி அடைஞ்சதும் பாட்டில் பக்கம் போயிடறாங்க. நான் நிறையப் பேரைப் பார்த்துட்டேன். குடிக்கிறவங்க கிட்னியை மாற்று சிகிச்சைக்காரங்க எடுக்க மாட்டாங்க."

"நான் எங்க டாக்டர் குடிக்கிறேன்? வெள்ளிக்கிழமை மீன் வறுவலோட ரெண்டு பிராந்தி. அவ்வளவுதான்" என்று ஜொலீன் சிரித்தாள். அவள் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடக்கு மூலையில் அதைக் குடி என்று சொன்னால் நாய்கூடச் சிரிக்கும்.

வெள்ளிக்கிழமை பெவ்வின் பாருக்குப் போகாமல் இருக்க அங்கே யாருக்கும் தெரியாது. குளிர்காலம் ஆறு மாதம், ஆலையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் பெவ்வின் பார். பெவ் லுட்கே பருமனான கைகளும் கனிந்த மனமும் கொண்டவள். அவளுடைய பாரில் பிராந்தி என்றால் ஆரஞ்சும் செர்ரியும் சர்க்கரையும் சேர்த்து நசுக்கி, குட்டைக் கிளாஸில் ஊற்றித் தருவது. அறுவைக்குப் பிறகு முதல் வெள்ளிக்கிழமை ஜொலீன் தண்ணீர் கேட்டாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன ஜொலீன், போலீஸ் புடிச்சுதா?"

"இல்லடா, கன்னியாஸ்திரீ ஆகப் போறா. பாதிரியார் இவளுக்குன்னு பெரிய அங்கி தைக்கச் சொல்லியிருக்காராம்."

"நான் வாங்கித் தந்தா குடிக்க மாட்டியா? என் காசு கசக்குதா?"

கடைசியில் கேட்டவன் உண்மையிலேயே புண்பட்டுப் போனான். அந்த ஊரில் ஒருவர் வாங்கித் தருவதை மறுத்தால் ஆளையே மறுத்ததாக அர்த்தம். ஜொலீனுக்கு முகம் சிவந்தது. பெவ் அவளைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இவனுங்க வாயை நம்மால அடைக்க முடியாதுடி. கண்ணைக் கட்டிடலாம். கடுங்காப்பி மாதிரி இல்லாம நல்லா வெளிறின டீ போட்டு ஆற வைக்கிறேன். அதே கிளாஸ், அதே ஆரஞ்சு, மேல ஒரு செர்ரி. பார்க்கறவனுக்கு பிராந்தி, உனக்கு டீ. யாருகிட்டயும் மூச்சு விடாத."

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஜொலீன் டீயைச் சப்பிச் சப்பிக் குடித்தாள். மற்றவர்கள் கிளாஸை இடித்தார்கள், இவளும் இடித்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எடை மளமளவென்று இறங்கியது. கோடை முடிவதற்குள் பழைய காலணிகூடக் காலில் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் குறைந்தால் போதும், பிப்ரவரியில் கடைசிப் பரிசோதனைகள், அதற்குப் பிறகு அறுவை என்று மருத்துவமனையில் நாள் சொன்னார்கள். டேரின் போனில் அழுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பற்றி டாக்டரைத் தவிர யாரும் அவளிடம் பேசவில்லை. பசி போய்விட்டது. பசியோடு கூடவே இருந்த இன்னொன்று போகவில்லை. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்து, தட்டு நிறைய உருளைக்கிழங்கும் சாசேஜும் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், பகலில் பட்ட எரிச்சலெல்லாம் மெல்ல அவிழும். புருஷன் விட்டுப் போன வருஷத்தை அவள் அப்படித்தான் கடந்தாள். இப்போது நாலு கரண்டியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. தட்டு மேஜையில் அப்படியே இருக்கும், மாலைப்பொழுதும் அப்படியே இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் சீக்கிரமே படுத்துவிடுவாள்.

அக்டோபரில் டேரினுக்காகப் பெவ் பாரில் பணம் திரட்டும் உதவி விழா வைத்தாள். ஊரே திரண்டுவிட்டது. பன்றித் தொடை, மான் சாசேஜ் எல்லாம் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். பெரிய அண்டாவில் நூடுல்ஸ் வெந்தது. அக்கா தம்பி இரண்டு பேர் முகமும் அச்சடித்த பனியன்கூடப் போட்டுவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஜொலீனைக் கட்டிப்பிடித்தார்கள், எல்லாரும் அவளுக்கு ஒரு கிளாஸ் வாங்கினார்கள். கையில் ஒன்று இருக்கும்போது இன்னொருவர் வாங்கித் தந்தால், அதற்கு அடையாளமாகச் சின்னக் கிளாஸ் ஒன்றை எதிரே கவிழ்த்து வைப்பது அங்கே வழக்கம். அவள் முன்னால் கவிழ்த்த கிளாஸ்கள் வரிசை கட்டி நின்றன. தியாகி என்றான் ஒருவன். தேவதை என்றாள் ஒருத்தி.

பெவ் சமையலறையில் மாட்டிக்கொண்டிருந்தாள். பாரில் ஊற்றியவன் பக்கத்து ஊரிலிருந்து ஒத்தாசைக்கு வந்தவன், டீ விஷயம் அவனுக்குத் தெரியாது. "வழக்கமானது" என்று ஜொலீன் கேட்டாள். அவன் ஊர் வழக்கமான பிராந்தியையே கொடுத்தான்.

முதல் வாயிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் குடித்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துப்பியிருக்கலாம். கீழே வைத்திருக்கலாம். சமையலறைக்கு நாலு எட்டு நடந்திருந்தால் பெவ் இருந்தாள். எதிர்ச் சுவரோரம் டேரின் சுருங்கிய முகத்தோடு உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிக்கச் சொன்ன தண்ணீரில் ஒரு மிடறு ஊற்றிய கோப்பையை அவளைப் பார்த்து உயர்த்தினான். அவளும் உயர்த்தினாள், குடித்தாள்.

சின்ன இரைப்பையில் அது நிற்கவே இல்லை, நேரே ரத்தத்துக்குப் போனது. காதுமடல் சூடானது. தோள் இறங்கியது. மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த அந்த அவிழ்தல், தட்டு நிறையச் சாப்பிட்டபோது வருமே அது, அப்படியே வந்து நின்றது. அவளுக்கு அழுகை வந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பாசம் என்று நினைத்து மேலும் கட்டிப்பிடித்தார்கள். அவள் மறுபடியும் "வழக்கமானது" கேட்டாள்.

மறுநாள் நடுக்கத்தோடு எழுந்து, இனி இல்லை என்று மாதாவின் படத்துக்கு முன்னால் சொன்னாள். அந்த வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அடுத்த வாரம் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கினாள்.

கேவலம் என்னவென்றால், வெள்ளிக்கிழமை பெவ்வின் பாரில் அவள் டீதான் குடித்தாள். எல்லாருக்கும் முன்னால் டீ, வீட்டில் காப்பிக் கோப்பையில் பிராந்தி. பெவ்வுக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

"இரும்புடி நீ. இத்தனை பேர் நடுவுல உக்காந்து ஒரு சொட்டு தொடல. என்னால முடியுமா?"

"பழகிடுச்சு" என்றாள் ஜொலீன்.

மறைப்பதற்குத் திரை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பெவ் அன்போடு தைத்துக் கொடுத்த திரை கையிலேயே இருந்தது. டாக்டர் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது: ஒரு கோப்பை மூன்று கோப்பையின் வேலையைச் செய்தது. ஆனால் அது சீக்கிரமே இறங்கிவிட்டது, இறங்கியதும் இன்னொன்று கேட்டது. கிறிஸ்துமஸுக்குள் வேலைக்குப் போகும் முன்பே ஒரு வாய் வேண்டியிருந்தது. ஏரி உறைந்து, பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் கூடாரம் அடித்த சமயத்தில், பிப்ரவரியில், கடைசிப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அவள் போனாள், ரத்தம் கொடுத்தாள். முந்தின ரெண்டு நாள் மட்டும் தொடாமல் இருந்தாள். அது போதும் என்று நினைத்தாள்.

நர்ஸ் ஓக்கர்லண்ட் போன் செய்தாள். தானம் கொடுக்கிறவர்கள் விவகாரத்தைக் கவனிக்கிறவள் அவள், குரலில் எப்போதும் ஒரு பொறுமை.

"ஜொலீன், உங்க ரத்தத்துல மது வருது."

"அக்டோபர்ல ஒரு விழாவுல தப்பா ஊத்திட்டாங்கம்மா. எனக்குத் தெரியாது."

"அது அக்டோபர்ல. இந்தச் சோதனை போன சில வாரத்தைத்தான் காட்டும். ஒரு கிளாஸுக்கு இந்த அளவு வராது. கிட்டத்தட்ட தினமும்."

நர்ஸே தொடர்ந்து சொன்னாள்: "உங்களைத் திட்ட நான் கூப்பிடல. குடியை நிறுத்தறதுக்கு ஆள் இருக்காங்க, நம்பர் தர்றேன். ஆறு மாசம் ஒரு சொட்டுகூட இல்லாம இருந்தா மறுபடி பேசலாம். உங்க தம்பிகிட்ட, தானத்துக்குப் பொருந்தலன்னு மட்டும்தான் நாங்க சொல்வோம். காரணம் சொல்ல மாட்டோம். அது உங்க விஷயம்."

ஆறு மாதம் டேரினின் உடம்பு தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. தன்னால் ஆறு நாள் தாங்க முடியாது என்று ஜொலீனுக்குத் தெரியும். நம்பரை எழுதிக்கொண்டாள். அன்று சாயங்காலமும் குடித்தாள்.

மருத்துவமனை டேரினிடம் சொன்ன அடுத்த நாள் அவனுக்கு இயந்திர நாள். சிகிச்சை முடிந்து தலைசுற்றும் அவனைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது ஜொலீன்தான். அவள் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் கையிலிருந்து சிவப்புக் குழாய்கள் இயந்திரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"பொருந்தலைன்னுட்டாங்கக்கா. உனக்கு ஏதாவது நோய் கீய்னு சொன்னாங்களா?"

"இல்லடா."

"மறைக்காத. எனக்காக வயித்தைக் கிழிச்சுக்கிட்ட. அதுல ஏதாவது ஆயிடுச்சுன்னா, நான்தான உன்னைத் தொந்தரவு பண்ணேன். மன்னிச்சுக்கோ."

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை கடைசிவரை பொய்யிலேயே இருந்திருப்பாள்.

"டேரின், நான் குடிக்கிறேன்டா. ரத்தத்துல வந்துடுச்சு. அதனாலதான்."



"தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"நவம்பர்ல மான் வேட்டை சமயத்துல வீட்டுக்கு வந்தல்ல, அப்பவே வாடை அடிச்சுது. அதுக்கப்புறம் கிறிஸ்துமஸ்ல. அப்புறம் கார்ல, எத்தனையோ தடவை."

"அப்ப ஏண்டா வாயைத் திறக்கல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஒரே ஒரு வார்த்தை!"

"சொன்னா உனக்குக் கோவம் வரும். கோவத்துல, போடா உனக்குக் கிட்னியும் கிடையாது ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிட்டா?" அவன் குரல் உடைந்தது. "கொடுக்கறவளை எதிர்த்துப் பேசற நெலமையிலயா நான் இருந்தேன்? எப்படியாவது பிப்ரவரி வரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

ஜொலீன் முகத்தை மூடிக்கொண்டாள். சிகிச்சை முடிந்ததென்று இயந்திரம் கூவியது. அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் வந்து ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து, அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். டேரின் எழுந்து, சுவரைப் பிடித்து நின்று நிதானித்துக்கொண்டான்.

"இன்னைக்குக் குடிச்சியா?"

"காலையில. கொஞ்சம்."

அவன் கையை நீட்டினான். அவள் கார் சாவியை எடுத்து அதில் வைத்தாள்.

சாலை ஓரமெல்லாம் பனி ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். டேரின் மெதுவாக ஓட்டினான். நடுவில் தலைசுற்றியபோது ஓரம் கட்டி, ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்து, அது நிற்கும்வரை காத்திருந்தான். நான் ஓட்டுகிறேன் என்று சொல்ல ஜொலீன் வாயெடுத்தாள், சொல்லவில்லை. அவன் நிமிர்ந்து மறுபடி வண்டியை எடுத்தான்.