பொட்டு வைத்த படம்

ரங்கூனில் பசுண்டாங் ஓடையோரத்து ஆலைகளில் உமி எரியும்போது எழும் புகையில், அடிபிடித்த சோற்றின் வாசம் இருக்கும். முதல் மகாயுத்தம் முடிந்து சில வருஷங்களே ஆகியிருந்த அந்நாளில், துறைமுகத்தில் மூட்டை சரிந்து அப்பா இறந்தபின், அம்மா அந்த ஆலை ஒன்றில் தவிடு அள்ளினாள். நான் மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டிய மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்கு வடக்கே மாவ்பியில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த சின்னம்மாவிடம் என்னை வேலைக்கு அனுப்பப் போவதைச் சொல்லத்தான் அம்மா முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

டீச்சர் வாதாடவில்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு கறுப்பு அம்மாளின் படத்தைக் காட்டிக் கதை சொன்னார். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் அடிமையாகப் பிறந்தவராம். தாயை வேறோர் "ஆண்டை"க்கு விற்றுவிட்டார்களாம். விடுதலை வந்தபின் எழுத்துக் கற்று, ஒழுகுகிற கொட்டகையில் தம் இனத்துப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தாராம். அவர் பெயர் அன்றைக்கே என் வாயில் நுழையவில்லை.

மனுஷியை எப்படி விற்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வீடு திரும்பும் வழியில் அம்மாவிடம் கேட்டேன்.

"மேஸ்திரி வான்னா வரணும், போன்னா போகணும் இல்ல, அது மாதிரி."

"அப்ப நாமளும் அடிமையாம்மா?"

"வாயை மூடிட்டு நட."

ஆனால் அதன்பின் அவள் மாவ்பிப் பேச்சை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூச்சரமும் குங்குமமுமாகப் பள்ளிக்கூடம் வந்தாள். எங்கள் கூலி "லயன்" வீடுகளில் சட்டம் போட்ட படம் என்றால் ஒன்று சாமி, இல்லையேல் செத்துப்போனவர். படத்தின் நெற்றியில் பொட்டிட்டுச் சரத்தைச் சாத்தி, "தாயே, எம்மவளுக்கும் எழுத்து வரட்டும்" என்று கும்பிட்டு நின்றபோது டீச்சர் உள்ளே வந்தார்.

"என்னம்மா செஞ்சிட்டீங்க, அவங்க உயிரோட இருக்காங்க."

"உசுரோட இருக்கவங்களையா சொவத்துல மாட்டுவீங்க?"

அம்மா முந்தானையால் துடைக்கத் துடைக்கக் குங்குமம் கண்ணாடி முழுக்கப் பரவியது. "அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பாவம் இவ படிப்பு மேலதான விழும்?"

"கடலுக்கு அந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்காங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"அந்தம்மா நல்லாருக்காங்கன்னு சேதி வரட்டும், அப்பறம் இவ படிக்கட்டும்" என்று அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். திங்கட்கிழமை நான் மாவ்பியில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத அந்த அம்மாளின் சுகத்துக்காகத் தினமும் வேண்டிக்கொண்டேன். அது அவருக்காகவா, பள்ளிக்கூடத்துக்காகவா என்று எனக்கே தெரியாது. அவர் நன்றாயிருக்கிறார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. தோட்டத்தை விட்டு ஆலை, ஆலையை விட்டுக் கப்பல், பிறகு எத்தனையோ ஊர்கள். மீதி எழுத்துகளைக் கடைப் பலகைகளைப் பார்த்துக் கற்றேன். விற்கப்பட்டவளின் மகள் பள்ளிக்கூடம் வைத்ததும், யாரும் விற்காத என்னைப் பெற்றவளே அதிலிருந்து கூட்டிப்போனதும் எந்தக் கணக்கில் சேரும் என்பது இன்றும் பிடிபடவில்லை.

போன மாதம் ரங்கூனுக்குத் திரும்பி அந்தப் பக்கம் போனேன். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். வயதைப் பார்த்தால் அந்த அம்மாளும் போயிருக்க வேண்டும். இனிப் பொட்டு வைத்தால் குற்றமில்லை, படம்தான் இல்லை.