வெளிநாட்டுப் பார்வையாளன்

தொரன்டோ மோர்னிங்சைட்டில் மாடிக் கட்டடமொன்றில், ஒரு வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. நான் அதற்கு வெளிநாட்டுப் பார்வையாளன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

என்னைக் கூட்டிப்போனவர் எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர். சோவியத் யூனியன் உடைந்தபோது பிரிந்துபோன ஒரு சின்ன மலைநாட்டுக்காரர். அவர்களுக்குக் கொடி இருந்தது, படை இருந்தது, தபால் முத்திரைகூட இருந்தது. ஏற்றுக்கொள்ளத்தான் உலகத்தில் ஒரு நாடும் இல்லை. தொரன்டோவில் இருந்த நாலு குடும்பமும் வாக்குப் போட்டு, முடிவை ஊருக்கு ஃபக்ஸில் அனுப்பப் போகின்றன. ஐ.நா.வில் இருக்கும் நாட்டுக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்து வைத்தால் மதிப்பாம். என் அகதி வழக்குக்கு வேலைக் கடிதம் தரவேண்டியவரும் அந்த மேற்பார்வையாளர்தான். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

வழக்கறிஞரிடம் மொழிபெயர்க்கிற பெண்ணோ அடித்துச் சொல்லியிருந்தாள்.

"அண்ணை, கேஸ் முடியுமட்டும் ஒரு பேப்பரிலயும் சைன் வைக்காதேங்கோ. பிறகு விசாரணையில உந்தப் பேப்பரைத் தூக்கிக் காட்டிக் கேள்வி கேப்பாங்கள்."

வழக்குத் தோற்றால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனைவியும் மகளும் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் அந்த வழக்கை நம்பித்தான் இருந்தார்கள்.

ஆரஞ்சுச் சாறு வந்த மட்டைப்பெட்டிதான் வாக்குப்பெட்டி. போட்டியிட்டவர் ஒரேயொருவர். பிறகு எதற்குத் தேர்தல் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நாங்கள் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணத்தான்" என்றார் மேற்பார்வையாளர். பகிடி என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பதினொரு வாக்கு. எண்ணி முடித்ததும் தாளை என் முன்னால் வைத்தார்கள். பெயர், கையெழுத்து, நாடு. கதவுக்கும் எனக்கும் நடுவில் நாலு குடும்பமும் நின்றன. பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். நாடு என்ற இடத்தில் கை ஓடவில்லை. என் நாட்டில் உயிரோடு இருக்க முடியாது என்று அகதி வழக்கில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவன் நான். ஆனால் எழுத வேறு நாடு எனக்கு இல்லை. இலங்கை என்று எழுதினேன்.

கைதட்டினார்கள். தாள் ஃபக்ஸ் மெஷினுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீ கொடுத்துவைத்தவன். உன் நாட்டை உலகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது."

அந்த நாட்டிடமிருந்து காப்பாற்றச் சொல்லித்தான் கனடாவிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு நன்றி சொன்னேன். வேலைக் கடிதம் இன்னும் என் கைக்கு வரவில்லை.