வேலையில்லாத இடது கால்

போன வாரம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கார் தள்ளினேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு மூட்டுவலி வேறு. திட்டக்குடியில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. தலை நிறையப் பூ, மடி நிறைய வளையல் பெட்டி என்று ஜோராகக் கிளம்பினேன். விருத்தாசலத்தைத் தாண்டவில்லை. ரயில்வே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்திலேயே வண்டி மக்கர் பண்ணிவிட்டது.

முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. அது நின்றது, நாங்களும் நின்றோம். அது நகர்ந்தது, நாங்கள் நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க என்ஜின் மட்டும் 'ஊ...' என்று ஊரைக் கூட்டுகிறது. கூடவே கரிந்த நாற்றம். என் பூவையும் மீறிக்கொண்டு மூக்கில் ஏறியது.

கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்பார்கள் இதை. என்ஜின் சுற்றுவதைச் சக்கரத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தட்டு இருக்கிறது. அது தேய்ந்து வழுக்க ஆரம்பித்தால் இந்தக் கதிதான். உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பாரே — சத்தம் எட்டு ஊருக்குக் கேட்கும், வேலை ஒன்றும் நடக்காது!

வண்டி என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டு ரஹ்மத்துடையது. ஓட்டியவர் அவள் வீட்டுக்காரர் சாதிக் பாய்.

ரஹ்மத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஊறுகாய் ஜாடி, பீங்கான் பொம்மை எல்லாம் மொத்தமாக எடுத்து, திட்டக்குடி, எங்கள் பக்கத்து மங்களூர், கம்மாபுரம் என்று கடை கடையாகப் போடுகிறவள். பஸ்ஸில் ஜாடிகளைக் கொண்டுபோய் உடைத்து அழுது, கடைசியில் ஒரு பழைய காரை வாங்கி, ஓட்டவும் பழகிக்கொண்டாள். டிக்கி நிறையப் பீங்கானை வைத்துக்கொண்டு ஓட்டக் கற்றவள் எப்படி ஓட்டுவாள்? கியர் மாறுவதே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. நான் பல தடவை அவள் வண்டியில் தூங்கியிருக்கிறேன். வாங்கின நாளிலிருந்து கிளட்ச்சில் கை வைக்க வேண்டி வந்ததே இல்லை.

சாதிக் பாய் அத்தனை வருஷமும் வளைகுடாவில் ஒரு அரபி வீட்டில் ஹவுஸ் டிரைவர். லீவில் வருவார், போவார். இந்தத் தடவை மொத்தமாகவே முடித்துக்கொண்டு வந்துவிட்டார். "இனிமே இங்கதாங்கக்கா, நம்ம வூட்ல" என்று அவர் சொன்னபோது முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். உள்ளூர் டிராவல்ஸ் ஒன்றில் டிரைவர் வேலையும் பேசி வைத்திருந்தார். அடுத்த வாரம் சேரவேண்டும். அந்த வேலையை நம்பித்தான் அவர் பெட்டியைக் கட்டினதே.

ஆனால் பாருங்கள்... அங்கே அவர் ஓட்டியதெல்லாம் ஆட்டோமேட்டிக். ஸ்டீயரிங் இடது பக்கம். கிளட்ச் என்பதே கிடையாது. அதனால் இங்கே வந்து என்ன ஆயிற்று? இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரைப் போடுவார். கொளுத்துகிற வெயிலில் எங்கள் வண்டி மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போகும். கியர் போட வலது கையை நீட்டிக் கதவில் இடித்துக்கொள்வார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த இடது கால்தான்!

அத்தனை வருஷமும் வேலையே இல்லாமல் கிடந்த கால் அது. ஊருக்கு வந்ததும் அதற்கு ஒரு பெடல் கிடைத்துவிட்டது. விடுமா? நேர் ரோட்டில் போனாலும் கிளட்ச் மேலேயே உட்கார்ந்திருந்தது. மேட்டில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் பாதிக் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் ரஹ்மத் ஓட்டும்போது கால் அங்கே இருக்காது என்பது தெரியும்.

ரஹ்மத் பின் சீட்டில் இருந்தாள். டிக்கியில் திட்டக்குடிக் கடைகளுக்குப் போடவேண்டிய ஜாடிகள். அவர் ஓட்டினால் அவள் முன்னால் உட்காரவே மாட்டாள். "முன்னால உக்காந்தா வாய் சும்மா இருக்காதுக்கா" என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

"சொல்லேன்டி. கால எடுங்கன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று பாய் இல்லாத நேரம் பார்த்து அவளிடம் கேட்டும் பார்த்தேன்.

"எப்படிக்கா சொல்றது? அவங்க அங்க எவ்ளோ பெரிய வண்டியெல்லாம் ஓட்டுனவங்க. டிரைவர்னுதான் ஊர்ல பேரு. அவங்களுக்குப் போயி நான் கிளட்ச் சொல்லிக் குடுக்கறதா?"

அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு ஆம்பளைக்கு நான் என்னத்தைச் சொல்ல? நம் ஊரில் மரியாதை என்றால் அதுதானே... எதிராளி கிணற்றில் விழப்போகிறார் என்று தெரிந்தாலும் "பார்த்து வாங்க" என்று சொல்லக் கூசுவது.

மேம்பாலத்தில் அந்தக் கிணறு வந்துவிட்டது. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடிக்க, வண்டியை மெல்லப் பின்னாலேயே கீழே இறக்கினார் பாய். அடிவாரத்தில் நானும் ரஹ்மத்தும் இறங்கி ஓரமாகத் தள்ளினோம். சட்டை முழுக்க வியர்த்துப்போய் அவர் இறங்கினார். இறங்கினவர் பானெட்டைத் திறக்கவில்லை. நேராக டிக்கிக்குப் போனார்.

"ஜாடி ஒண்ணும் ஆவலியே?"

எனக்கு எரிச்சலாக வந்தது. நடு ரோட்டில் வண்டி செத்துக் கிடக்கிறது, இவருக்கு ஊறுகாய் ஜாடி கவலை! நான் ஆட்டோ பிடித்து, பஸ் பிடித்து, வளைகாப்பு முடிந்து பந்தியில் மிச்சமிருந்த புளிசாதத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் ரஹ்மத்துக்குத் துணையாக மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். டிக்கியில் இருந்த சரக்கை எடுக்கவேண்டும். பாய் ஏற்கெனவே அங்கே இருந்தார். அவர் அண்ணனும் வந்திருந்தார். ரஹ்மத் கார் வாங்கிய நாளிலிருந்தே அவருக்கு அது பிடிக்காது. போதாக்குறைக்கு, பாய்க்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்த டிராவல்ஸ்காரரும் தன் வேனைச் சர்வீஸ் விட்டுவிட்டு அங்கேயே ஒரு ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நேரம் என்பது இதுதான்.

மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்து எல்லோரும் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்தார். கருகிப்போய், தேய்ந்து, உள்ளே அடித்திருந்த ஆணியெல்லாம் தெரிந்தது.

"இது பழசானதால போனது இல்லீங்க. கிளட்ச் மேல கால வச்சிக்கிட்டே ஓட்டியிருக்காங்க."

யார் என்று அவர் சொல்லவில்லை. நல்ல மனுஷன். ஆனால் அண்ணன் சும்மா இருப்பாரா?

"நான் அன்னிக்கே சொன்னேன். பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான் ஆவும். சாதிக்கு, மொதல்ல அந்தச் சாவிய வாங்கி உன் பையில போடு. இனிமே நீதான் இருக்கியே, அவளுக்கு எதுக்கு வண்டி?"

ரஹ்மத் பாயைப் பார்த்தாள். டிராவல்ஸ்காரரைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னாள்: "ஆமாங்க மச்சான். நாந்தான். பழக்கம் அப்படி ஆயிடுச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி! வாயைத் திறக்கப்போனேன். என் கையை அழுத்திக் கிள்ளினாள். அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. வண்டி போனால் பஸ்ஸில் ஜாடி தூக்கிக்கொள்ளலாம். 'கிளட்ச்சை எரித்தவர்' என்று டிராவல்ஸ்காரர் காதில் விழுந்துவிட்டால், ஊருக்குத் திரும்பி வந்த மனுஷனுக்கு வேறு என்ன தொழில் தெரியும்?

பாய் அந்தப் பிளேட்டை மெக்கானிக் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேசாமல் இருந்திருந்தால் போதும். வேலையும் தப்பித்திருக்கும், பேரும் தப்பித்திருக்கும்.

"அவ பொய் சொல்றாண்ணே. அவ காலு இல்ல இது, என் காலு" என்றார்.

"என்னடா சொல்ற?"

"அங்க எடது காலுக்கு வேலையே கெடையாதுண்ணே. இங்க ஒவ்வொரு கியருக்கும் வண்டி ஒரு குலுக்கு குலுக்குது. டிக்கில கிணிங்னு சத்தம் கேக்குது. பட்டறை பட்டறையா ஏறி எறங்கி அவ வாங்கியாந்த சரக்கு. நான் வந்து ஒடைச்சிட்டேன்னு ஆயிடுமேன்னு... கால எடுக்கவே மனசு வரல. டக்குனு எடுத்தா வண்டி ஆஃப் ஆயிடுது. நாலு பேரு பாக்கறாங்க. டிரைவருக்கு அது அசிங்கமில்லியா?"

மேம்பாலத்துக்கடியில் அவர் டிக்கியைத் திறந்து பார்த்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எரிச்சல் பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பினார். டிராவல்ஸ்காரர் டீ கிளாஸை வைத்தார். "வரேன் பாய்" என்றார். வேனை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் ரஹ்மத் பிடித்துக்கொண்டாள். "யாரு கேட்டாங்க ஒங்கள? நான்தான் சொல்லிட்டேன் இல்ல? வேலை போச்சி. இப்ப நிம்மதியா?"

"போனா போவுது. ஒன் கையிலேர்ந்து சாவிய வாங்கிட்டு நான் எந்த வண்டிய ஓட்டி என்ன ஆவப்போவுது?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜாடிகளை எண்ணுகிற மாதிரி நின்றாள். எண்ணவில்லை. அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்... நான் எதற்கெடுத்தாலும் அழுகிறவள், என்னை விடுங்கள்.

அன்றும் மறுநாளும் பாய் வாசல் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் டிராவல்ஸ்காரரே வீடு தேடி வந்துவிட்டார். நான் வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துக் கோலமாவு டப்பாவைத் துலக்க வெளியே வந்து நின்றேன். (உங்களிடம் சொல்வதற்கென்ன?)

"என்கிட்ட இத்தினி டிரைவருங்க இருக்கானுங்க பாய். கிளட்ச் போச்சின்னா என்ன சொல்வானுங்க தெரியுமா? 'நான் எடுக்கறப்பவே அப்படித்தாங்க இருந்திச்சி. முன்னாடி ஓட்டுனவன் பண்ணது.' எத்தினியோ பிளேட்டு மாத்திட்டேன். என் காலுதான்னு ஒருத்தன் வாயால இதுவரைக்கும் கேட்டதில்ல. வண்டிய நம்பிக் குடுக்க எனக்கு அதான் வேணும். ஆனா ஒண்ணு. அந்தக் காலோட வராதீங்க. இவங்க கிட்ட ஒரு மாசம் பழகிட்டு வாங்க."

'இவங்க' என்று அவர் கை காட்டியது ரஹ்மத்தை!

அவர் போன பிறகு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். முன்னாடி ஓட்டினவன்... எத்தனை வசதியான ஆள்! புதிதாக வந்த அதிகாரிக்கு, முன்னால் இருந்தவர். மாமியாருக்கு, மருமகளை வளர்த்த அம்மா. ஆறாம் வகுப்பு டீச்சருக்கு, ஐந்தாம் வகுப்பு டீச்சர். நான் குடியிருக்கும் வீட்டில் குழாய் ஒழுகினால்கூட முன்பு குடியிருந்தவர்களைத்தான் திட்டுகிறேன். நாம் ஏறுவதற்கு முன்பே எல்லா வண்டியும் கெட்டுப்போய்த்தான் இருந்திருக்கிறது. இல்லையா?

புது கிளட்ச் போட்டாகிவிட்டது. தினமும் காலையில் கம்மாபுரம் ரோட்டில் பாடம் நடக்கிறது. நேற்று நானும் தொற்றிக்கொண்டேன். பாய் ஓட்ட, ரஹ்மத் முன் சீட்டில்.

"கால்!"

"எடுத்துட்டேன்."

"எங்க எடுத்தீங்க? அங்கதான் இருக்குது. பக்கத்துல வைங்க. ம்... இப்ப மெல்ல விடுங்க. வண்டி லேசா ஒரு ஒதறு ஒதறும், அப்ப பிடிச்சிருச்சின்னு அர்த்தம். அப்புறம் முழுசா விட்டுருங்க. நம்பி விடுங்க, ஓடிப்போயிடாது."

"ஜாடி..."

"ஒடைஞ்சா ஒடையட்டும்! நான் வேற வாங்கிக்கறேன். கால எடுங்க மொதல்ல!"

அதற்கு அவர் ஏதோ சொல்ல, அவள் பதிலுக்கு ஏதோ சொல்ல, கம்மாபுரம் போய்த் திரும்பும்வரை ஓயவில்லை. எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

மூன்று பேரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு போனபோது கிளட்ச் எரிந்தது. இப்போது வண்டிக்குள் ஒரே சண்டை — வண்டி ஜம்மென்று ஓடுகிறது!