நடக்கிறவனுக்கு ஒரு கதிரை

கனடாவில் ஆறு மாதம் மகனோடு இருந்துவிட்டுத் திரும்பினேன். வழியில் ஓரிடத்தில் இறங்கி விமானம் மாற வேண்டும். எனக்கு இங்கிலிஷ் தெரியாது. அதனால் டிக்கெட் போடும்போதே மகன் எனக்கு வீல்செயாரும் கேட்டுவிட்டான்.

"எனக்குக் காலுக்கு என்னடா?" என்றேன்.

"ஒண்டுமில்லை அப்பா. சும்மா இருங்கோ. அவங்களே தள்ளிக்கொண்டு போய் மற்ற பிளேனிலை ஏத்திவிடுவாங்கள்."

எங்கடை ஊர் அக்கராயனில் இன்றைக்கும் வயலுக்கு நடந்துதான் போகிறேன். நெல் மூட்டையும் தூக்குவேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏறி இருந்தேன்.

மாறுகிற இடத்தில் விடியப்புறம் எங்களைச் சுவரோரம் வரிசையாக விட்டிருந்தார்கள். எல்லாம் தள்ளுகிற கதிரை. எல்லாரும் எங்கடை சனம். பக்கத்தில் செட்டிகுளத்து அம்மா ஒருத்தி.

"அண்ணைக்கு எந்தக் கால்?" என்று கேட்டா.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

அவா சிரித்தா. சீலைக்கு மேலால் முழங்காலுக்குக் கீழே தட்டினா. பலகையில் தட்டின மாதிரிச் சத்தம்.

"இந்த வரிசையிலை நான் ஒருத்திதான் உண்மையான ஆள். கட்டுநாயக்கா எயாப்போட்டிலை இறங்கினாப் பிறகு பாருங்கோ. நீங்கள் எல்லாரும் எழும்பி ஓடுவியள். நான்தான் கடைசி."

முன்கதிரைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "மெல்லக் கதை பிள்ளை. கேட்டாங்களெண்டால் எங்களை இறக்கிவிட்டிடுவாங்கள்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்தக் காலோடை எப்பிடிப் போய் வாறியள்? கஷ்டமில்லையோ?"

"மகளிட்டைப் போட்டு வாறன். இது மூண்டாந்தரம். என்ன கஷ்டம்? வீட்டிலை கிணத்தடிக்குப் போறதுதான் கஷ்டம். இஞ்சை ராசாத்தி மாதிரித் தள்ளிக்கொண்டு போறாங்கள்."

நான் அவாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனிசிக்கும் ஒரு கால் இல்லை. முள்ளிவாய்க்காலில் போனது. செல்குண்டு கூவிக்கொண்டு வர மகனைத் தள்ளி விழுத்திவிட்டு அவனுக்கு மேலே படுத்தவ. அவனுக்கு ஒரு கீறலும் இல்லை.

மீசை முளைக்கிற வயதில் அவன் வெளிநாடு போனான். பிறகு அவ அவனைப் பார்த்தது போனில்தான். போன வருசம் எனக்கு மட்டும் விசாவுக்குப் போட்டான்.

"அம்மாவாலை ஏலாது அப்பா. ரெண்டு பிளேன். மைல்கணக்கிலை நடக்கவேணும். அந்தக் காலோடை எப்பிடி?"

நான் நம்பினேன். மனிசியிடம் அதைச் சொன்னதும் நான்தான்.

"ஓம், என்னாலை ஏலாதுதான். நீங்கள் போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ," என்று சொன்னவ.

மைல்கணக்கு என்பது பொய்யில்லை. அவ்வளவு தூரம் இருந்தது. ஆனால் நான் ஒரு அடியும் நடக்கவில்லை. கதிரை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். எனக்குக் கேட்டுக் கொடுத்தவன் அவன்தானே.

விமானத்தில் எல்லாரும் நித்திரை. எனக்கு வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் வந்தது. வடிவுதான். பார்க்க மனம் வரவில்லை.

கனடாவில் ஒருநாள் மகன் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டார்கள், அம்மா வரவில்லையோ என்று. "அம்மாவுக்குச் சுகமில்லை" என்றான் மகன். அவவுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. ஒற்றைக்காலோடு ஆடு வளர்க்கிறா. அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அவவின் காலை நாலு பேர் பார்க்க வெட்கமோ, கூட்டிவந்து வைத்திருப்பது கரைச்சல் என்று நினைத்தானோ, தெரியாது. போனில் கேட்கலாம். கேட்டால் ஏதாவது சொல்லுவான். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

கட்டுநாயக்காவில் அந்த அம்மா சொன்னதுதான் நடந்தது. பெட்டி வருகிற இடத்தில் மற்றக் கதிரைகள் எல்லாம் வெறுமையாகி, கிழவர் எல்லாருக்கும் முன்னால் போனார்.

"நான் சொன்னனானெல்லே அண்ணை!" என்று பின்னாலிருந்து அவா கத்தினா.

நான் திரும்பவில்லை. நடந்தேன்.

வீட்டுக்கு வரப் பின்னேரமாகிவிட்டது. மனிசி படலையடியில் நின்றா. பிள்ளை மெலிந்துபோனானோ, தலைமயிர் கொட்டுதாமே, என்ன சாப்பிடுகிறான், எல்லாம் கேட்டா. சொன்னேன். தேத்தண்ணி தந்தா. நான் குடித்து முடிந்ததும் கேட்டா.

"வழி எப்பிடி? நான் வந்திருந்தால் ஏலுமே?"

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஏலாது. சரியான நடை."

அவவுக்கு முகம் தெளிந்தது.

"பாத்தியளே. பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கிறான். நான்தான் ஏதேதோ யோசிச்சுக்கொண்டிருந்தனான்." பிறகு என் காலைப் பார்த்தா. "அப்ப உங்களுக்குக் கால் உளையுமே. இருங்கோ."

எழும்பிக் குசினிக்குப் போனா. பொய்க்கால் நிலத்தில் இழுபடுகிற சத்தம் கேட்டது. போய் வர நேரமெடுத்தது. உப்புப் போட்ட சுடுதண்ணியைப் பிளாஸ்ரிக் பேசினில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. பாதித் தண்ணி வழியில் சிந்தியிருந்தது.

"வையுங்கோ காலை."

வைத்தேன். சூடு கூடிப்போயிருந்தது. காலை எடுக்கவில்லை.