பெரணமல்லூரில் ஒரு சாப்பாடு

ஓய்வுபெற்ற கர்னல் புஷ்பதந்தன் இரவு எட்டு மணிக்கு மேல்தான் சாப்பிடுவார். வேறு யாராக இருந்தாலும் இதில் கவனிக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் நயினார், தமிழ்ச் சமணர். எங்கள் தெருவில் இருக்கும் சமணக் குடும்பங்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடும். இருட்டியபின் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சாகும் என்பதால் வந்த விரதம் அது. அவர் மனைவி மஹிமா அம்மாவும் வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிட்டு, பிறகு கணவருக்காக மறுபடி அடுப்பு மூட்டுவார். அவர்கள் வீட்டுப் பின்கட்டில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். அப்பா தறியை நிறுத்திவிட்டு வரும்போது அந்தச் சமையலறையில் விளக்கு எரியும். பள்ளியில் படித்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன்.

சமணக் கோயில் இருக்கும் திருமலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம் அவர் பிறந்த ஊர். அப்பா நெல் விவசாயம். ராணுவ அதிகாரித் தேர்வில் முதல் முறையிலேயே தேறியபோது, அவருடைய அம்மா இரண்டு வாக்குக் கேட்டாராம்: இருட்டியபின் சாப்பிடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. எங்கள் தெருவில் கர்னல் வரை போனவர் அவர் ஒருவர்தான். குடியரசு தினத்தன்று அவர் பதக்கங்களோடு வாசலில் இறங்கினால் தறிச் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும்.

ஆனால் அவரோடு சேர்ந்த பலர் அதற்கு மேலும் போனார்கள். காரணமும் ஊருக்குத் தெரியும். மேஜராக இருந்தபோது எல்லையில் ஒரு மலைமுகட்டுக் காவல் அவர் பொறுப்பில் இருந்தது. புகை எதிரிக்குத் தெரியும் என்பதால் பகலில் அடுப்பு மூட்டக் கூடாது என்று உத்தரவு. இவர் தன் விரதத்துக்காகச் சாயங்காலமே அடுப்பு மூட்டச் சொன்னார், குண்டு விழுந்தது, சமையல்காரச் சிப்பாய்க்கு வலது கை போயிற்று. விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். பதவி உயர்வு பல வருடம் தள்ளிப்போனது, பிறகு கர்னலோடு நின்றது.

அரிசி ஆலை வைத்திருக்கும் அவருடைய பெரியப்பா மகன் ஜெயச்சந்திரன் இதை விடவே மாட்டார்.

"இன்னாடா புஷ்பா, உன்கூட சேந்தவன்லாம் ஜெனரல் ஆயிட்டான். உன் ஸ்டார் மட்டும் இன்னும் வந்தவாசி பஸ் ஸ்டாண்ட்லயே நின்னுகினு இருக்குதா?"

"பஸ்சு பஞ்சர்ணா. வந்துரும்."

"சோத்துக்காக ஸ்டார வுட்ட ஒரே ஆளு நீதான்டா."

கர்னல் சிரிப்பார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த மாசியில் அவர் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் பெரணமல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். வலது சட்டைக்கை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. பெயர் சுப்பராயலு. காபி கொண்டுபோய்க் கொடுத்த நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஐயா அடுப்பு மூட்டச் சொல்லவே இல்லம்மா," என்றார்.

மஹிமா அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வெளிச்சத்துலயே கடலைய மென்னுட்டு, தண்ணிய குடிச்சிட்டுப் படுத்துக்குவாரு. இருட்டினப்புறம் நாங்க சுடச்சுட சாப்புடுவோம். நம்ம பக்கத்து மனுஷன் இப்பிடிக் கெடக்கறாரேன்னு எனக்கு மனசு கேக்கல. நானாதான் மூட்டுனேன். ஜல்தியா அணைச்சிடலாம்னு நெனச்சேன். வெறகு ஈரம்."

"நான்தான் மூட்டச் சொன்னேன்னு அவரே எழுதிக் குடுத்தாரேப்பா."

"உத்தரவ மீறி நானா மூட்டுனேன்னா பென்ஷன் வராதும்மா. மூணும் பொம்பளப் புள்ளைங்க எனக்கு. ஆஸ்பத்திரில வந்து காதோரம் சொன்னாரு. 'நான்தான் சொன்னேன், நீ செஞ்ச, அவ்ளோதான், வாயத் தொறக்காத'ன்னாரு. இத்தினி நாளும் தொறக்கல."

"உங்க வயித்துக்காக ஒருத்தன் கைய வாங்கிட்டீங்களேன்னு நானே அவரக் கேட்டிருக்கேன்," என்றார் மஹிமா அம்மா.

"ஐயா இன்னா சொன்னாரு?"

"ஆமான்னாரு. அதுக்கப்புறம் வெளிச்சத்துல சோறே எறங்கலை அவருக்கு."

தன் அம்மாவிடம் அவர் கொடுத்த இரண்டு வாக்கும் ஒரே அடுப்பில் போயிருக்கின்றன. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. வேலைத் தேர்வுகளில் நேர்மையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த விசாரணை மேசைக்கு முன்னால் என்னை நிறுத்திப் பார்க்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டு நல்லவனாக வெளியே வந்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. அவர் பொய்யைச் சொல்லிவிட்டு, கெட்ட பெயரோடு இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார். அவர் வீட்டுப் பின்கட்டில் வளர்ந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை.

சுப்பராயலு எழுந்துகொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேட்டேம்மா அவர. அன்னிக்கு வெச்ச சோத்த நீங்க சாப்புடல, ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து என் கையால சாப்புடணும்னேன். வரேன்டான்னு கையடிச்சிக் குடுத்தாரு. வருஷா வருஷம் பொங்கலுக்கு ஃபோன் பண்ணுவேன். வரேன் சுப்பராயலும்பாரு. இங்கதான் பக்கத்துல இருக்குது பெரணமல்லூர். வரவே இல்ல."

"உன்னப் பாக்க அவருக்கு தைரியம் இல்லியோ என்னவோ. நான் வரட்டுமாப்பா?"

"வாங்கம்மா, எப்ப வேணாலும் வாங்க. வெளிச்சத்துலயே ஆக்கிப் போடறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "ஆனா ஐயா வெச்சிட்டுப் போன பாக்கி அப்பிடியேதாம்மா நிக்கும்."